யாககுண்ட இலக்கணமும் முக்கோண அளவையும்

சிவாகமங்கள் விதித்த கிரியைகளுள் அக்கினி காரியம் தலைசிறந்த தொன்றாகும். அதற்கு நிலைக்களமாவது குண்டம். பிரதிட்டை, குடமுழுக்கு முதலிய பெருங்கிரியைகளில் யாகசாலையின் நடுவே வேதிகை அமைத்து, அதனைச் சூழ எண்டிசையினும் எட்டுக் குண்டங்களும், கிழக்கிற்கும் ஈசானத்திற்கும் இடையே ஆசாரியர்க்குரிய தலைமைக் குண்டம் ஒன்றும் ஆக ஒன்பது வகுப்பது நவாக்கினி பக்கம் எனப்படும். ஐந்து வகுப்பது பஞ்சாக்கினி. ஒன்று வகுப்பது ஏகாக்கினி. ஒன்பது வகுக்குமிடத்து அவை வடிவால் வேறுபடும். ஆயினும் பரப்பால் ஒன்றாதல் வேண்டும் என்பது குண்ட நூலார் கொள்கை. வடிவு பல, பரப்பு ஒன்று என்னும் இவ்விதியை நிறைவேற்றுதற்குக் கருவியாவது யாது என வினவின், முக்கோணம் என்பதே விடையாம். அவ்விடையின் உண்மையும், அது வழிவழி வந்த வரலாறும், இக்காலத்து அதனைப் போற்றவேண்டிய காரணமும் ஈண்டு ஆராயப்படும்.

குண்டங்களின் வடிவு

கிழக்கில் நாற்கோணம், தென்கிழக்கில் அரசிலை போலும் யோனி வடிவம், தெற்கில் பாதிமதி, தென்மேற்கில் முக்கோணம், மேற்கில் வட்டம், வடமேற்கில் அறுகோணம், வடக்கில் தாமரை, வடகிழக்கில் எண்கோணம் என்பது குண்டங்களின் அடைவு. திருமூல நாயனார் திருமந்திரத்து நான்காம் தந்திரத்தில் நவகுண்டம் எனத் தனிப்பகுதி வகுத்திருத்தல் தமிழ்நாட்டுச் சைவர் இவ்விலக்கணத்தைத் தொன்றுதொட்டுப் போற்றியமைக்குச் சான்று. 12ஆம் நூற்றாண்டினராகிய அகோர சிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை தமிழகத்துச் சிவாலயங்களிற் கிரியைக்கு வழிகாட்டியாய் நின்று நிலவுவது.

இவ்வடிவங்கள் காட்சிக்கு அழகு பயத்தற்கென்று அமைந்தன அல்ல. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவரின் மாணாக்கராய் விளங்கிய மனவாசகங்கடந்தார் தம் உண்மை விளக்கத்தில் ஐம்பூதங்களுக்கு வடிவு கூறுங்கால், நிலத்திற்கு நாற்கோணமும், நீருக்குப் பாதிமதியும், தீக்கு முக்கோணமும், வளிக்கு அறுகோணமும், வானிற்கு வட்டமும் உரியனவாகக் கொண்டனர். வளியின் வடிவாகிய அறுகோணம் வாயு மூலையாகிய வடமேற்கிலேயே குண்டமாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. எனவே, வடிவு தத்துவத்தைக் குறிப்பது. அளவு கிரியையை நிறைவிப்பது. இரண்டனுள் ஒன்று குறையினும் குண்டம் குறையுடைத்தாம்.

மேற்கூறிய வடிவங்களுள் முக்கோணம், நாற்கோணம், அறுகோணம், எண்கோணம் என்னும் நான்கும் பக்கங்களும் கோணங்களும் தம்முள் ஒத்தன. இத்தகையவற்றை ஒழுங்குப் பலகோணம் என்ப. வட்டம் பக்கங்கள் எண்ணிறந்து பெருகிய இடத்து அவை சென்றணையும் எல்லை. பாதிமதி வட்டத்திற் பாதி. தாமரையும் வட்டத்தினின்றே பிறப்பது. ஆகலின், ஒழுங்குப் பலகோணங்களின் பரப்பை அளக்கும் நெறி அறியப்படின் குண்ட இலக்கணத்தின் பெரும்பகுதி அறியப்பட்டதாம்.

பல வடிவும் ஒரு பரப்பும்

இக்கொள்கை ஆகமங்களிற் புதிதாகத் தோன்றியதன்று. வேள்விச் சாலைகளுக்கு அளவு கூறும் சுல்ப சூத்திரங்களில் இதன் வேர் காணப்படும். சுல்பம் என்பது கயிறு. அந்நூல்களுள் மிகப் பழையது போதாயனருடையது. அக்கினி சயனத்தில் பருந்து வடிவும், தேர்ச்சக்கர வடிவும், முக்கோண வடிவும் பிறவுமாகப் பல வேதிகைகள் விதிக்கப்பட்டன. வடிவு யாதாயினும் முதற் சயனத்திற்குப் பரப்பு ஏழரைச் சதுரப் புருஷமே. புருஷம் என்பது வேள்வி செய்விப்போன் கை உயர்த்தி நின்ற உயரம்.

ஏழரைச் சதுரப் புருஷப் பரப்புள்ள முக்கோணத்தை எங்ஙனம் வகுப்பது? போதாயனர் வழி எளிது. முதலில் அப்பரப்பின் இரட்டியாகிய பதினைந்து பரப்புள்ள சதுரம் ஒன்று வரைக. அதன் ஒரு பக்கத்தின் நடுவினின்று எதிர்ப்பக்கத்தின் இருமூலைக்கும் கயிறு பிடிக்க. இடையிற் கிடைப்பது சதுரத்திற் சரிபாதியான முக்கோணம். முக்கோணம் தன் அடியும் உயரமும் ஒத்த நாற்கோணத்தின் பாதி என்னும் உண்மை இங்கு விளங்க அமைந்துள்ளது. பின்வந்த அளவைகள் எல்லாம் இவ்வொரு வித்தினின்று கிளைத்தன என்னலாம்.

மணலிற் காணும் மெய்ம்மை

இவ்வளவைக்கு வேண்டுவன முளையும் கயிறுமே. இராமநாதபுரத்தைச் சார்ந்த கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரைமேல் வாலிநோக்கம் என்னும் ஊர் உளது. அதற்கு வடபால் மணிவாசகப் பெருமான் நீத்தல் விண்ணப்பம் அருளிய திருவுத்தரகோசமங்கையும், கீழ்பால் சம்பந்தரும் அப்பரும் பாடிய இராமேச்சுரமும் விளங்குகின்றன. அத்தலங்களில் யாகசாலை வகுக்குங்கால் தச்சன் நிலத்தில் இழுக்கும் கோடும், வாலிநோக்கத்துக் கடற்கரை மணலில் ஒரு சிறுவன் கயிறு கொண்டு இழுக்கும் கோடும் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டனவே.

அம்மணலில் ஒரு முளை நட்டு, அதிற் கயிறு பிணித்துச் சுழற்றின் வட்டம் பிறக்கும். அக்கயிற்றின் நீளத்தையே அளவாகக் கொண்டு வட்டத்தின்மேல் அடுத்தடுத்துக் குறியிட்டுச் செல்லின், ஆறாம் அடியில் தொடங்கிய இடத்தை மிகையும் குறைவும் இன்றி அடையலாம். குறிகளை இணைப்பின் அறுகோணம். ஒவ்வொரு குறியினின்றும் நடுமுளைக்குக் கோடிழுப்பின் ஆறு முக்கோணங்கள். அவ்வொவ்வொன்றும் மூன்று பக்கமும் ஒத்தது. ஆகவே அறுகோணம் என்பது ஆறு சமபக்க முக்கோணங்களின் கூட்டமேயாம். குறிகளை ஒன்றுவிட்டு ஒன்று இணைப்பின் பெரிய முக்கோணம் ஒன்று தோன்றும். எஞ்சிய மூன்றையும் இணைப்பின் தலைகீழாய் மற்றொன்று. இரண்டும் பின்னியது முருகப்பெருமானுக்குரிய அறுகோணச் சக்கரம். இதனுட் சிறிய சமபக்க முக்கோணங்களை எண்ணுக: நடுவிலுள்ள சிறு அறுகோணத்தில் 6, ஆறு முனைகளில் 6, ஆகச் சக்கரம் முழுமைக்கும் 12. பெரிய முக்கோணம் ஒன்றனுள் 9. வெளிமுனைகளை இணைத்த பெரிய அறுகோணத்தில் 18. ஆகலின் ஒரே வட்டத்துள் அமைந்த முக்கோணம் அறுகோணத்திற் சரிபாதி என்பது எண்ணிய அளவிலேயே தெளிவாகும்.

நாற்கோணத்தின் நடுவினின்று நான்கு மூலைக்கும் கோடிழுப்பின் நான்கு முக்கோணங்கள், எண்கோணத்தில் எட்டு. எத்துணைப் பக்கம் உண்டோ அத்துணை முக்கோணம். அவை ஒன்றையொன்று ஒத்தன. முக்கோணம் ஒன்றன் பரப்பு அடியிற் பாதியை உயரத்தாற் பெருக்கியது. எனவே ஒழுங்குப் பலகோணத்தின் பரப்பு, சுற்றளவிற் பாதியை நடுவினின்று பக்கத்திற்கு விழும் செங்குத்தாற் பெருக்கியதாம். பக்கங்கள் மிக மிக அச்செங்குத்து வட்டத்தின் ஆரையை அணுகும். சுற்றளவு வட்டத்தின் சுற்றை அணுகும். முடிவில் வட்டத்தின் பரப்பு அரைச்சுற்றை அரைவிட்டத்தாற் பெருக்கியது என்பது பெறப்படும்.

கி.பி. 499-ஐத் தம் கணிப்பிற்கு ஆண்டாகக் கொண்ட ஆரியபடர், ஆரியபடீயத்துக் கணிதபாதத்தில் முக்கோணத்தின் பரப்பை ஒரு சூத்திரத்தானும், வட்டத்தின் பரப்பை அதனை அடுத்த சூத்திரத்தானும் கூறினார். வட்டத்தில் ஆறிலொரு பங்கின் நாண் ஆரைக்குச் சமம் என்பதும், விட்டம் 20,000 ஆயின் சுற்று 62,832-ஐ அணுகும் என்பதும் அதே பாதத்தில் உள்ளன. பழமை என்னும் ஒன்றே பற்றி அனைத்தையும் கொள்ளுதல் கூடாது. அவ்விரு சூத்திரங்களின் பிற்பகுதியில் அவர் கூறிய கனவளவுகள் பொருந்தாமை கணித நூலாரால் எடுத்துக் காட்டப்பட்டுளது. பரப்பளவைகளோ குற்றமற்றன.

ஒருமுழக் குண்டத்தின் கணக்கு

இனி இந்நெறியைக் குண்டத்தின்மேல் வைத்துக் காண்க. ஒரு முழம் 24 அங்குலம். ஈண்டு அங்குலம் என்றது விரலளவை, ஆங்கில அளவையன்று. ஒருமுழ நாற்கோணக் குண்டத்தின் பரப்பு 24-ஐ 24-ஆற் பெருக்கிய 576 சதுர அங்குலம். ஏனைய குண்டங்களும் இப்பரப்பே பெறுதல் வேண்டும்.

முக்கோணக் குண்டத்திற்கு ஒரு பக்கம் 36.47 அங்குலம், நடுவினின்று மூலைக்கு 21.06. நாற்கோணத்திற்குப் பக்கம் 24. நடுவினின்று மூலைக்கு 16.97. அறுகோணத்திற்குப் பக்கம் 14.89, நடுவினின்று மூலைக்கும் அதுவே. எண்கோணத்திற்குப் பக்கம் 10.92, நடுவினின்று மூலைக்கு 14.27. வட்டத்திற்கு ஆரை 13.54. பாதிமதிக்கு ஆரை 19.15.

இக்கணக்கில் ஓர் ஒழுங்கு புலனாகும். மூலைகள் மிகுந்தோறும் அவை நடுவை நோக்கி அணுகுகின்றன: 21.06, 16.97, 14.89, 14.27, வட்டத்தில் 13.54. சுற்றளவும் அவ்வாறே குறைந்து வருகின்றது: முக்கோணத்திற்கு 109.4, நாற்கோணத்திற்கு 96, அறுகோணத்திற்கு 89.3, எண்கோணத்திற்கு 87.4, வட்டத்திற்கு 85.1. ஒரே பரப்பை மிகக் குறைந்த கரையால் அடைப்பது வட்டம்; ஒழுங்குப் பலகோணங்களுள் மிக நீண்ட கரை வேண்டுவது முக்கோணம்.

இது கருதாது, ஒரே கயிற்றாற் சுழற்றிய வட்டத்துள் எல்லாக் குண்டங்களையும் ஒருவன் வரைந்தனன் என்க. நாற்கோணக் குண்டத்திற்குரிய 16.97 அங்குலக் கயிற்றைக் கொள்ளின், வட்டக் குண்டத்தின் பரப்பு 904.8 ஆகும், எண்கோணம் 814.6, அறுகோணம் 748.2, நாற்கோணம் 576, முக்கோணம் 374.1. முக்கோணக் குண்டம் வட்டக் குண்டத்திற் பாதியும் பெறாது. கண்ணிற்கு எல்லாம் ஓரளவாகத் தோன்றினும் உண்மையில் ஒன்று மற்றொன்றின் இரட்டிக்கு மேற்பட்டதாய் முடியும்.

ஆகுதியின் தொகை மிகுமிடத்துக் குண்டமும் பெரிதாதல் வேண்டும். இருமுழக் குண்டம் என்றால் பக்கம் 48 அங்குலம் என மயங்குவாரும் உளர். அது நான்மடங்கு பரப்பாகிய நான்முழக் குண்டத்திற்கு உரியது. இருமுழக் குண்டம் பரப்பால் இரட்டித்தது. அதன் பக்கம் 34-க்குச் சிறிது குறைந்த 33.94. ஒருமுழச் சதுரத்தின் கர்ணமே இப்பக்கம். முதற்சதுரம் கர்ணத்தால் இரண்டு முக்கோணமாகப் பிரியும். அக்கர்ணத்தின்மேல் எழுந்த சதுரம் அத்தகைய முக்கோணம் நான்கு கொள்ளும். இங்கும் இரட்டித்தலைக் காட்டி நின்றது முக்கோணமே.

இலிங்கமும் விமானமும்

குண்டத்தில் தனித்தனி நின்ற வடிவங்கள் சிவலிங்கத் திருமேனியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. அடியில் நாற்கோணம் பிரம பாகம். நடுவில் எண்கோணம் விட்டுணு பாகம். மேலே வட்டம் உருத்திர பாகம். சிற்பி சதுரத் தூணினின்றே தொடங்குவான். சதுரத்தின் கர்ணத்திற் பாதியை அளவாகக் கொண்டு, நான்கு மூலையினின்றும் இருபுறப் பக்கங்களிலும் குறியிட்டு, அக்குறிகளை இணைத்து மூலைகளைச் செதுக்கின், பிழையற்ற எண்கோணம் கிடைக்கும். 24 அங்குலச் சதுரத்தில் ஒவ்வொரு மூலையிலும் கழிவது, இருபக்கம் 7.03-உம் கர்ணம் 9.94-உம் உடைய செங்கோண முக்கோணம். எஞ்சிய எண்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 9.94. மீண்டும் மூலை கழிப்பின் பதினாறு. பின்னும் கழித்துத் தேய்ப்பின் வட்டம். நாற்கோணத்தினின்று முக்கோணங்களை நீக்க நீக்க வட்டம் அணுகும் என்பது இதனாற் புலனாகின்றது.

மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டிற் குடைவித்த குகைக்கோயிலின் தூண்கள் மேலும் கீழும் சதுரமாய் நடுவில் எட்டுப்பட்டையாய் நிற்கின்றன. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் காலத்துப் பதினாறு பட்டைத் தாராலிங்கம் விளங்குகின்றது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சை இராசராசேச்சுரத்து விமானம் சதுரத் தளத்தின்மேல் எழுந்து எண்கோணச் சிகரத்தைத் தாங்கி நிற்பது. இவையெல்லாம் மூலை கழிக்கும் அவ்வொரு கலையின் பயன்.

கயிற்றிற்கு அடங்கா வடிவங்கள்

குண்டங்களுக்கும் இலிங்கத்திற்கும் உரிய மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பதினாறு என்னும் பக்கங்கள் எல்லாம் முளையும் கயிறும் கொண்டே பிழையின்றி வகுக்கத்தக்கன. ஐங்கோணமும் அவ்வாறே இயலும். எழுகோணமும் ஒன்பது கோணமும் இயலா. இவ்வுண்மை 1796-இல் ஜெர்மனி நாட்டுக் காஸ் என்னும் இளைஞர் பதினேழு பக்க வடிவை வகுக்கலாம் எனக் கண்ட பின்னரே விளங்கத் தொடங்கி, 1837-இல் பிரெஞ்சு அறிஞர் வான்ட்செல் என்பவரால் உறுதிப்பட்டது.

இதனை நோக்க, 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் ஒரு செய்தி வியப்புத் தருவது. வட்டத்துள் அமையும் ஒழுங்குப் பலகோணங்களின் பக்கம் காண, விட்டத்தை முறையே 103923, 84853, 70534, 60000, 52055, 45922, 41031 என்னும் எண்களாற் பெருக்கி 120000-ஆல் வகுக்க என்றார். இவை முக்கோணம் முதல் ஒன்பது கோணம் வரைக்கும் உரியன. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய பக்கங்களுக்கு அவர் கூறிய எண்கள் ஓரெண்ணும் பிழையாதன. ஏழிற்கு 52066 என்றும், ஒன்பதிற்கு 41042 என்றும் இருத்தல் வேண்டும். இரண்டிலும் 11 குறைந்துள்ளது. கயிற்றிற்கு அடங்கும் வடிவங்களில் எண் பிழைத்திலது. அடங்கா வடிவங்களிலேயே பிழைத்தது. இப்பிழையும் 28 அங்குல விட்டத்தில் ஓர் அங்குலத்தின் ஏறக்குறைய 400-இல் ஒரு பங்கே. தொழிலுக்கு அது தடையன்று. எனினும் நுண்மையின் எல்லை யாண்டுளது என்பதைக் காட்டுவது. முன்னோர் பெருமையை உரைப்பார் அவர்தம் எல்லையையும் உடனுரைத்தலே அப்பெருமைக்கு அரணாம்.

அன்பும் அளவும்

ஈண்டு ஒரு தடை நிகழும். இறைவன் வேண்டுவது அன்பன்றோ? ஊனமுதளித்த கண்ணப்பர் எந்த முழக்கோல் கொண்டார்? மலர்க்குப் பதிலாகக் கல்லெறிந்த சாக்கியர் எந்த அளவு நூல் கற்றார்? அங்ஙனமாகக் குண்டத்தில் ஓரங்குலம் கூடினும் குறையினும் வரும் இழுக்கு யாது?

இத்தடை ஆராயாதது. கண்ணப்பர் விதியைக் கடந்தது அன்பின் மிகுதியால். விதியை அறிய முயலாத சோம்பலால் அன்று. அவர் நிலை எய்தினார்க்கு விதியில்லை. எய்தாத நம்மனோர்க்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிகளே வழி. கிரியைப் படியில் நிற்பவன் அதன் அளவை இகழ்ந்து, ஞானியின் உரிமையைத் தனக்கு ஏற்றிக்கோடல் பொருந்தாது. மேலும், அன்புடையான் தன் அன்பிற்குரியார்க்குச் செய்வதைச் செவ்விதிற் செய்வான். அளவு தவறாமை அவ்வன்பின் வெளிப்பாடேயன்றி அதற்கு மறுதலையன்று.

இஃது ஒரு புறமாக, அறிவின் வரலாற்றிற்கும் இதனால் வருவது பெரிது. வடிவைப் பார்த்துப் பின்பற்றுவது எளிது. அளவைக் கணக்கிட்டுக் காப்பது அரிது. செங்கல் அடுக்கி வண்ணம் தீட்டிய குண்டம் மூன்று மூலையுடன் விளங்கின், காண்பார் முக்கோணக் குண்டம் என்றே கொள்வர்; பரப்பு 576-ஆ, 374-ஆ என வினவுவார் இலர். ஆகலின் அழியும்போது முதலில் அழிவது அளவு. வடிவு நெடுங்காலம் நின்று அவ்வழிவை மறைக்கும். அளவு ஒழிந்த பின், பரப்பொன்றாதல் வேண்டும் என்னும் விதி ஏட்டில் இருந்தும் உயிரற்றதாகும். பல குண்டம் வகுத்ததன் கருத்தும் அத்துடன் மறையும்.

இதனைத் தடுத்தற்கு வேண்டும் முயற்சி சிறிதே. ஆகம பாடசாலைகளில் பத்ததி ஓதும் மாணாக்கர்க்கு மணற்பரப்பில் முளையும் கயிறும் கொண்டு ஒன்பது குண்டமும் வகுக்கப் பயிற்றலாம். மேலே காட்டிய எண்களை ஒரு பலகையிற் பொறித்து யாகசாலை அமைக்கும் இடங்களில் வைக்கலாம். குண்டம் கட்டி முடிந்தபின் நடுவினின்று மூலைக்கும், மூலையினின்று மூலைக்கும் கயிறு பிடித்துச் சரிபார்த்தல் ஒரு நாழிகைக்குள் முடியும் பணி. வாலிநோக்கம் போலும் கடற்கரைச் சிற்றூர்ச் சிறுவனும் கயிறொன்றால் ஆறு முக்கோணங்களைத் தன் கையாற் கண்டறியக்கூடும் எனின், ஆகமம் பயில்வார்க்கு இது அரிதாதல் இல்லை.

பல வடிவிற் பொலியும் குண்டங்கள் அனைத்தினும் எழுந்து ஆகுதி ஏற்பது ஒரே சிவாக்கினி. அவ்வொருமையை நிலத்திற் காட்டி நிற்பது ஒத்த பரப்பு. அவ்வொப்பை அளந்து தருவது முக்கோணம். இதனைச் சைவ நன்மக்கள் ஓர்ந்து, வடிவைப் போற்றுவதுபோல அளவையும் போற்றி உய்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.